ஃபிராவ் எபர்லே சாப்பிட்ட இரண்டு துண்டு

ஜேர்மனியில் ஒக்டோபர் பிறந்தால் மனிதர்களுக்கு இரண்டு வியாதி பிடிக்கும். ஒன்று, சூப்பிலிருந்து பாண் வரைக்கும் எல்லாவற்றிலும் பூசணிக்காயைப் போடுவது. மற்றது, உதிர்கிற இலையைப் பார்த்துக் கவிதை சொல்வது. தனித்தனியே வந்தால் இரண்டிலும் ஆபத்தில்லை. எனக்கு இரண்டும் ஒரே நாளில் வந்தன. அதற்காகப் பதினெட்டுப் பேர் கஷ்டப்பட்டார்கள். அதில் ஒருவர் என் மேலதிகாரி.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய கதை இது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் இருபது நிமிடம் தள்ளியிருக்கும் ஒரு சின்ன ஊரின் பொது நூலகத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அதற்கு முன் ஏழு வருடம் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். கழுவிக்கொண்டே பின்னேர வகுப்புக்குப் போய், பாஷை படித்து, நூலகத் தொழிலும் படித்து முடித்து, ஒருவழியாகப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். ஆனால் முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று காரணமே சொல்லாமல் அனுப்பிவிடலாம். அது முடிய இன்னும் இரண்டு கிழமை இருந்தது. நிரந்தர வேலையா, திரும்பவும் பாத்திரமா என்பது நூலகப் பொறுப்பாளர் ஃபிராவ் எபர்லேயின் கையெழுத்தில் இருந்தது.

ஃபிராவ் எபர்லே (ஃபிராவ் என்பது இங்கே பெண்களின் பெயருக்கு முன்னால் போடும் மரியாதை) உயரமானவர், மெலிந்தவர், அறுபதை நெருங்கியவர். பேச்சுக் குறைவு. ஐந்தரை மாதத்தில் அவர் என்னைத் திட்டியதும் இல்லை, பாராட்டியதும் இல்லை. நான் அடுக்கிய புத்தகத் தட்டுகளைப் பார்த்து, ‘ம்’ என்பார். அந்த ‘ம்’ நல்ல ‘ம்’மா கெட்ட ‘ம்’மா என்று தினமும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் ஆராய்ச்சி நடக்கும். என் கணவர், “இண்டைக்கு எத்தினை ம்?” என்று கேட்டுக்கொண்டுதான் கை கழுவுவார்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் ஊழியர் கூட்டத்தில் இலையுதிர்கால மாலை நிகழ்ச்சி பற்றிப் பேச்சு வந்தது. வாசகர்கள் வருவார்கள், இலையுதிர்காலக் கவிதைகள் வாசிப்பார்கள், தேநீரும் பூசணிக் கேக்கும் இருக்கும். “கேக்கை யார் செய்வது?” என்று ஃபிராவ் எபர்லே கேட்டார். எல்லாரும் தங்கள் பேனாவைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

“நான் செய்கிறேன். கவிதையும் ஒன்று வாசிக்கிறேன். என் சொந்தக் கவிதை.”

(இரண்டும் பொய். அதுவரைக்கும் நான் கேக் செய்ததும் இல்லை, கவிதை எழுதியதும் இல்லை. எங்கள் வீட்டு ஓவனுக்குள் தாச்சிச் சட்டியும் இடியப்பத் தட்டும் குடியிருந்தன.)

ஃபிராவ் எபர்லே என்னைப் பார்த்து, “ம்” என்றார்.

கவிதையை இரண்டு இரவில் எழுதி முடித்தேன். பூசணிக்காய் தானாகவே வந்தது. வேலை முடிந்து ஸ்டேஷனுக்கு நடந்துபோகும் வழியில் ஒரு வீட்டு வாசலில் காகிதப் பெட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். இங்கே அது வழக்கம். வேண்டாத சாமானைப் பெட்டியில் போட்டு, ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதி வெளியே வைப்பார்கள். அந்தப் பெட்டியில் காது உடைந்த ஒரு கப், ஒரு துப்பறியும் நாவல், ஏழு சின்னப் பூசணிக்காய்கள். ஒன்று மஞ்சளும் பச்சையும் வரிவரியாக. இன்னொன்றுக்கு வாத்துக்கு இருப்பதுபோல வளைந்த கழுத்து. மற்றதெல்லாம் மேல் முழுக்கப் பரு.

எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், கோபம் மறு பக்கம். ஒக்டோபர் முழுக்க இந்த ஊர்ச் சனம் படியிலும் யன்னலிலும் பூசணியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். பிறகு அழுகினதும் தூக்கி எறியும். சாப்பிடுகிற சாமானை அலங்காரத்துக்கு வைத்துப் பழுதாக்குகிறார்களே என்று எனக்கு வருடா வருடம் வயிறு எரியும். ஏழையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். கப்பையும் எடுத்துக்கொண்டேன்.

என் கணவர் ரவி, இயந்திர உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவார். மேசையில் வரிசையாக இருந்த ஏழையும் பார்த்துக் கேட்டார்:

“இஞ்சேரும், உது சாப்பிடுறதே?”

“பூசணிக்காயைச் சாப்பிடாமல் வேற என்ன செய்யிறது? தலைக்கு வைச்சுப் படுக்கிறதே?”

“இல்லை, பாக்க ஒரு மாதிரிக் கிடக்கு.”

“நீங்களும்தான் பாக்க ஒரு மாதிரி. நான் கட்டேல்லையோ?”

மனிதன் போய்க் கத்தியை எடுத்து வந்தார். பிறகு கத்தி இறங்கவில்லை என்று சுத்தியலும் எடுத்து வந்து உடைத்துக் கொடுத்தார். அப்போது மகள் ஆரணி வந்தாள். ஏழு வயது, முதலாம் வகுப்பு.

“அம்மா, உது பள்ளிக்கூடத்திலயும் இருக்கு. நாங்கள் உதுக்குக் கண் மூக்கு வைச்சனாங்கள்.”

“கண் மூக்கு வைச்சா என்ன, காய் காய்தானே. இந்தா, ருசி பார்.”

வாயில் போட்டவள் அடுத்த கணமே கைக்குள் துப்பினாள். “கைக்குது!”

நானும் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். கசந்தது. நன்றாகவே கசந்தது. ரவியும் ஒரு துளி வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். இந்த இடத்தில் எந்த ஜேர்மன்காரரும், ஏன், ஒரு ஜேர்மன் ஆடும்கூட, அதைக் குப்பையில் போட்டிருக்கும். ஆனால் நாங்கள் பாவற்காய்க் குழம்பிலும் குறிஞ்சா வறையிலும் வேப்பம்பூ வடகத்திலும் வளர்ந்த நாக்குக்காரர். எங்கள் வீட்டில் கசப்பு ஒரு குற்றம் இல்லை, அது ஒரு தகுதி. கசந்தால் ரத்தத்துக்கு நல்லது, சீனி வியாதி கிட்ட வராது. கசக்கிற சாமானை யாராவது எறிந்தால் அவர்களுக்குச் சமைக்கத் தெரியாது என்று அர்த்தம்.

“உதுக்குப் போய் ஏன் முழிக்கிறியள்?” என்றேன். “பாவற்காய்க்குச் செய்யிற வேலையைச் செய்தாச் சரி.”

செய்தேன். பூசணியைத் துருவி, உப்புப் பிசிறி, அரை மணித்தியாலம் வைத்து, துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தேன். தேசிக்காய்ச் சாறு விட்டேன். திரும்பவும் பிழிந்தேன். சமையல் புத்தகத்தில் சொன்ன சீனியைப்போல மூன்று மடங்கு போட்டேன். கறுவா, ஏலக்காய், தேங்காய்ப்பூ, ஆறு முட்டை. தாச்சிச் சட்டியை வெளியேற்றிவிட்டு ஓவனில் வைத்தேன். கேக் பொன்னிறத்தில் பொங்கி வந்தது. வாசம் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்க்கும் அளவுக்கு இருந்தது. நான் மட்டும் சாப்பிட்டுப் பார்க்கவில்லை. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, ஐப்பசி வெள்ளி, எனக்கு விரதம். கேக்கோ நடுச்சாமம் தாண்டித்தான் ஆறியது. முட்டை போட்ட சாமானை வெள்ளி பிறந்த பிறகு வாயில் வைப்பதா? பிள்ளையாரே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

காலையில் இரண்டு தட்டு கேக்கைக் கட்டி எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். ஓரமாக வெட்டிய துண்டுகளை ரவிக்கு வைத்தேன். காலை வேலை முடிந்து வந்து பின்னேரம் சாப்பிடுவார்.

நிகழ்ச்சி ஐந்து மணிக்கு. நூலகத்தின் நடு அறையில் கதிரைகளை வட்டமாகப் போட்டு, மேசையில் காய்ந்த இலைகளைப் பரப்பி வைத்திருந்தோம். ஃபிராவ் எபர்லேயையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். கவிதைக்கு முன் கேக் பரிமாறினோம். நான் தட்டுகளை நீட்டிவிட்டு மேசைக்குப் பின்னால் நின்று, ஒவ்வொருத்தர் வாயையும் பார்த்தேன். இது எங்கள் பழக்கம். விருந்தாளி சாப்பிடும்போது பாராமல் இருந்தால் அது மரியாதைக் குறைவு. பார்த்துக்கொண்டே இருப்பது அவர்கள் ஊரில் மரியாதைக் குறைவு என்பது எனக்கு அப்போது தெரியாது.

பச்சைச் சால்வை போட்ட அம்மா ஒரு கடி கடித்து, “சுவாரசியமாக இருக்கிறது” என்றார். தாடிக்காரர் ஒருவரும் அதையேதான் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. (சாப்பாட்டைப் பார்த்து ஒரு ஜேர்மன்காரர் ‘சுவாரசியம்’ என்றால் அவருக்கு அது இறங்கவில்லை என்று அர்த்தமாம். இதை எனக்கு ஒரு வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.) ஆனால் கொஞ்ச நேரத்தில் தாடிக்காரர் மிச்சத்தைத் துடைக்கும் தாளில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்ததைக் கண்டேன். இன்னொரு அம்மா யன்னலோரம் இருந்த செடிச்சட்டியின் மண்ணுக்குள் விரலால் எதையோ புதைத்தார். எல்லாவற்றையும் பார்த்து, எல்லாவற்றையும் மனதில் எழுதி வைத்தேன். பொல்லாத கோபம்.

ஃபிராவ் எபர்லே கடைசியாகக் கடித்தார். ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பரீட்சை முடிவைப் பார்க்க வந்தவள்போல அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பவும் மெல்லத் தொடங்கினார், விழுங்கினார்.

“நன்றாக இருக்கிறது” என்றார்.

ஐந்தரை மாதத்தில் முதல் பாராட்டு! எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. “இன்னொரு துண்டு?” என்று தட்டை நீட்டினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் தட்டை முன்னால் தள்ளினார். வேலை நிரந்தரம் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன்.

கவிதை வாசிப்பு தொடங்கியது. நான் ஐந்தாவது ஆள். கவிதை என் கைத்தொலைபேசியில் இருந்தது. முதலில் தமிழில் வாசித்து, பிறகு ஜேர்மனில் வாசிப்பதாக ஏற்பாடு. எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, குரலைக் கொஞ்சம் நடுங்கவிட்டுத் தொடங்கினேன்:

“மரமே, உன் தங்க நகைகளை
ஏன் தெருவில் எறிகிறாய்?
நாளைக்கு ஒரு கலியாணம் வந்தால்
எதைப் போட்டுக்கொண்டு போவாய்?”

அப்போது திரையின் மேல் விளிம்பிலிருந்து ஒரு செய்தி இறங்கியது. ரவி.

‘கேக் குடுத்திட்டீரே?’

விரலால் மேலே தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். இன்னொன்று இறங்கியது.

‘குடுக்காதையும்.’

அதையும் தள்ளினேன். பச்சைச் சால்வை அம்மா எழுந்து, வாயில் கையை வைத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனார். என் கவிதை அவரை அழவைத்துவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். மனம் பூரித்துக் குரலை இன்னும் உருக்கமாக்கினேன். மூன்றாவது செய்தி வந்தது.

‘மூண்டாந்தரம் சத்தி. பிள்ளை சொல்லுது உது வடிவுக்கு வைக்கிற பூசணியாம். நெட்டில பாத்தனாங்கள். நஞ்சாம்.’

(சத்தி என்றால் வாந்தி. அந்த நேரத்தில் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.)

இனிச் சொல்லப்போவதை என் கணவரிடம்கூட இரண்டு வருடம் கழித்துத்தான் சொன்னேன். செய்தியைப் படித்த பிறகும் நான் வாசிப்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வேலை போய்விடும். நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. ரவி எதையும் பெருப்பித்துச் சொல்பவர்தானே, அவருக்கு வயிறு எப்போதும் சரியில்லைதானே என்றெல்லாம் மனம் நியாயம் தேடியது. வாய் தன்பாட்டில் வாசித்துக்கொண்டு போனது:

“எல்லாம் உதிரட்டும், மரமே,
எதையும் பிடித்து வைக்காதே.
உள்ளே அடக்கி வைத்ததெல்லாம்
ஒரு நாள் வெளியே வரத்தான் வேண்டும்.”

தமிழ் யாருக்கும் விளங்காதது என் அதிர்ஷ்டம். தாடிக்காரர் எழுந்து போனார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர். நூலகத்தில் கழிப்பறை ஒன்றுதான். நான் கண்ணைத் திருப்பி ஃபிராவ் எபர்லேயைப் பார்த்தேன். நிமிர்ந்த முதுகோடு இருந்தார். முகம் மட்டும் சுண்ணாம்பு நிறம். அதோடு என் நியாயமெல்லாம் முடிந்தது.

“தயவுசெய்து யாரும் கேக்கைச் சாப்பிடாதீர்கள்!” என்று ஜேர்மனில் கத்தினேன். “அது அலங்காரப் பூசணி. நஞ்சு. நான் தெரியாமல் செய்துவிட்டேன்!”

வட்டத்தின் மறுபக்கத்தில் இருந்த காது மந்தமான ஒரு கிழவர், கவிதை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கை தட்டினார்.

நஞ்சு சம்பந்தமாக ஆலோசனை சொல்லும் தொலைபேசிச் சேவைக்கு நான்தான் அழைத்தேன். தொலைபேசியை மேசையில் வைத்து, சத்தத்தை எல்லாருக்கும் கேட்கும்படி விட்டேன். மறுமுனையில் ஒரு பெண் மருத்துவர், நிதானமான குரல்.

“பூசணி கசந்ததா?”

“ஓம்... ஆமாம், கசந்தது.”

“கசந்தது தெரிந்ததா உங்களுக்கு?”

“தெரிந்தது.”

“பிறகு என்ன செய்தீர்கள்?”

“உப்புப் போட்டுப் பிழிந்தேன்.”

“ஏன்?” என்று கேட்டார். கேலியாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எங்கள் வீட்டில் கசப்பு என்றால் மருந்து” என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டது அறை முழுக்கக் கேட்டது. பிறகு, யார் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று சொல்ல முடியுமா என்றார். இதற்கு மட்டும் என்னிடம் பதில் தயாராக இருந்தது.

“பச்சைச் சால்வை அம்மா முக்கால் துண்டு. தாடி வைத்தவர் இரண்டு கடிதான், மிச்சம் அவருடைய இடது சட்டைப்பையில் இருக்கிறது. யன்னலோரத்து அம்மா ஒரு கடி, மிச்சம் செடிச்சட்டிக்குள். சிவப்புச் சப்பாத்துக்காரர் சாப்பிடவே இல்லை, பக்கத்தில் இருந்தவரின் தட்டில் வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் அதையும் தன் கைப்பைக்குள் போட்டுவிட்டார்...”

பதினெட்டுப் பேருக்கும் கணக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். நஞ்சு கொடுத்தவள் நான், வெட்கப்பட்டவர்கள் அவர்கள்.

“முழுதாகச் சாப்பிட்டது யார்?” என்று மருத்துவர் கேட்டார்.

“ஒரே ஒருவர். இரண்டு துண்டு” என்றேன். ஃபிராவ் எபர்லே அதற்குள் எழுந்து கழிப்பறை வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், தனியே இருக்க வேண்டாம் என்றார்கள், கூடினால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அன்று இரவுக்குள் எல்லாருக்கும் அடங்கிவிட்டது. ரவிக்கும் அடங்கியது. ஃபிராவ் எபர்லேக்கு மட்டும் இரண்டு நாள் எடுத்தது. நான் அந்த இரண்டு நாளும் சாப்பிடவில்லை, அழுதுகொண்டே இருந்தேன். ரவி ஒரு கையால் தன் வயிற்றையும் மறு கையால் என் முதுகையும் தடவினார்.

“அழாதையும். பாத்திரம் கழுவுறதும் வேலைதானே.”

“ஏழு வருஷம் கழுவினனான். இனி ஏலாது.”

“சரி, அப்ப நான் கழுவுறன். நீர் அழுகையை நிப்பாட்டும்.”

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஃபிராவ் எபர்லே என்னைத் தன் அறைக்கு வரச்சொன்னார். நான் என் இழுப்பறையை முன்கூட்டியே காலி செய்து பையில் போட்டுக்கொண்டு போனேன். மேசையில் ஒரு கடதாசி இருந்தது. அவர் இன்னும் வெளிறித்தான் இருந்தார்.

“முதல் கடியிலேயே கசந்தது” என்றார்.

“பிறகு ஏன் சாப்பிட்டீர்கள்?”

“நீங்கள் என்னை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் தனியாக இருப்பவள். நான் சாப்பிடுகிறேனா என்று கடைசியாக யார் அப்படிப் பார்த்தார்கள் என்று எனக்கு நினைவில்லை.”

மனச்சாட்சி குத்தியது. சொல்லிவிட்டேன்.

“இன்னொன்றும் இருக்கிறது. கேக் நஞ்சு என்று செய்தி வந்த பிறகும் நான் ஒரு பத்தி வாசித்தேன்.”

“தெரியும்” என்றார். “உங்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். பிறகும் ஒரு பத்தி வந்தது. நீளமான பத்தி.” கடதாசியை என் பக்கம் தள்ளினார். “ஆனால் நிறுத்தினீர்கள். முடித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம், செய்தி வந்தது யாருக்கும் தெரிந்திருக்காது. இங்கே கையெழுத்துப் போடுங்கள். கேக் மட்டும் இனிச் செய்ய வேண்டாம்.”

கையெழுத்துப் போட்டேன். கடதாசியில் ஒரு சொட்டுக் கண்ணீரும் விழுந்தது. அவர் தாளை எடுத்து ஒற்றிவிட்டு, “ம்” என்றார். அது எந்த ‘ம்’ என்று அன்றைக்கு எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அடுத்த மாதம் நூலகத்தின் விதிகளில் ஒன்று கூடியது: வீட்டில் செய்த உணவுக்கு அனுமதி இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்த விதியை விளக்குவது என் பொறுப்பு. வேறு யார் விளக்கினாலும் காரணத்தைக் கேட்டு அவர்கள் என்னிடம்தான் வருகிறார்கள்.

வீட்டில் நடந்த மாற்றம் அதைவிடப் பெரியது. நான் சமைத்ததை யார் புகழ்ந்தாலும் இப்போது ஒரு விசாரணை உண்டு. உண்மையான நல்லாவா, எபர்லே நல்லாவா? இந்தச் சொல் எங்கள் சொந்தக்காரர் மத்தியிலும் பரவிவிட்டது. பாரிஸில் இருக்கும் மச்சாள், போன கலியாணத்துக்குக் கட்டின சேலையை நான் ‘நல்லா இருக்கு’ என்றபோதுகூட, “எபர்லே நல்லா இல்லையே?” என்று உறுதிப்படுத்திக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒரு மீன் குழம்பு வைத்துப் பார்த்தேன். பல்கலைக்கழகத்திலிருந்து ஆரணி வந்திருந்தாள். ரவி ஒரு வாய் சாப்பிட்டு, “நல்லா இருக்கு” என்றார்.

ஆரணி தலையை நிமிர்த்தாமலே, “அப்பா, எந்த நல்லா?” என்று கேட்டாள்.

மனிதன் என்னைப் பார்த்தார். நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எபர்லே நல்லா” என்று சொல்லிக்கொண்டே, இன்னும் கொஞ்சம் விடச்சொல்லிச் சோற்றுக் கோப்பையை நீட்டினார்.